கமரா கேட்பது ஒரு வீடு, பூட்டுவது இன்னொரு வீடு

தம்பிமார், தங்கச்சிமார்,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் 'வயரை எலி கடித்திருக்கிறது', 'வீட்டில் ஆளில்லை, திரும்பி வந்தேன்' என்ற மாதிரி ஒற்றை வரிகள்தான். கதைப்பதிலும் நான் கெட்டிக்காரன் அல்ல. ஏணியில் ஏறி நின்றால்தான் எனக்கு வாய் திறக்கும். அங்கே யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. இப்போது தோள்பட்டை ஏணிக்கு ஒத்துவராமல் வேலையை விட்டுவிட்டேன். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி ஹாஜியார் கேட்டார்.

"கமராவச் சுவரில பூட்டுற வேலையெல்லாம் போன்ல பார்த்துப் படிப்பானுகள். நீ ஆக்களப் பத்தி எழுது."

"ஆக்களப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா ஹாஜியார்."

"அப்ப நல்லம். சுருக்கமா முடியும்."

முதலாவதாக ஒன்று. எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளையுடையது. இது உங்களுக்குத் தெரியாததல்ல; ஆனால் சாமான் விற்கப் போகும்போது எல்லோரும் மறந்துவிடுகிறோம். மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். ஒரே வளவில் உம்மா, மூத்த மகள், நடு மகள், இளைய மகள் என்று வீடுகள் வரிசையாக இருக்கும். ஆண்கள் மட்டும் வெவ்வேறு தெருக்களில் இருந்து வந்து சேர்ந்தவர்கள். கொழும்பில் இருந்து கழுத்துப்பட்டியோடு வரும் கம்பனிக்காரர்களுக்கு இது விளங்குவதில்லை. "குடும்பத் தலைவரைப் பிடியுங்கள், அவர் வாங்கினால் அவருடைய நண்பர்கள் வாங்குவார்கள்" என்று எங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். ஹாஜியார் தலையாட்டிக் கேட்டு, புரியாணி கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்புவார்.

"தலைவர் கட்டார்ல இரிக்கார். யார் போய்ப் பிடிக்கிற?"

பிள்ளைகளுக்குப் பாடம் போனில் வரத் தொடங்கிய காலத்தில் ரவுட்டர் நன்றாகப் போகும் என்று ஹாஜியார் கணக்குப் போட்டார். கடை முழுக்கப் பெட்டிகளை அடுக்கினார். எல்லா வளவிலும் ஒவ்வொன்று விற்றது. அதோடு நின்றுவிட்டது. நான் காரணம் பார்க்கப் போனேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மூத்த மகள் வாங்கியிருந்தாள். மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை போகிற மாதிரி பாஸ்வேர்டும் போயிருந்தது. நான்கு வீட்டுப் பிள்ளைகளும் மூத்த பெரியம்மாவின் குசினிச் சுவரோடு சாய்ந்திருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சகோதரிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு பொருளைப் பற்றிய கதை காற்று மாதிரிப் பரவும். பொருள் பரவாது. ஒன்றே எல்லோருக்கும் காணும்.

ரவுட்டரைக் காப்பாற்றியது கமரா. வீட்டுக்குள் கமரா பூட்டினால் அது ராப்பகலாகப் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். தங்கச்சி வீட்டில் கமரா வந்ததும் மூத்த ராத்தா வீட்டில் பிள்ளைகளின் பாடம் இழுபட்டது. "ஒண்ட வீட்டு ஹோலக் காட்டுறதுக்கு என்ட புள்ள பெயில் ஆகணுமா?" என்று ராத்தா பாஸ்வேர்டை மாற்றினாள். தங்கச்சிக்கு ரோசம் வந்தது. அன்றைக்கே புது ரவுட்டர். ஒரு வளவில் ஒரு கமரா பூட்டினால் மூன்று ரவுட்டர் போகும் என்று கண்டுபிடித்த அன்று ஹாஜியார் கடையில் எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்தார். சகோதரிகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிற மனிதர் அவர்.

எல்லா ஊரிலும் இது இப்படியே நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தம்பிலுவிலில் ஒரு தோணிக்காரர் கரையில் இழுத்து வைக்கும் தோணியைப் பார்க்கக் கமரா கேட்டார். கரையில் கரண்ட் இல்லை. ஆகவே சூரிய வெளிச்சத்தில் ஓடும் விளக்குக் கம்பம் ஒன்றையும் நட்டு, அதில் கமராவைப் பூட்டினேன். விளக்கு எரிந்ததும் ஊர்ப் பொடியன்கள் கரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் கீழே உட்கார்ந்தார்கள். கமராவில் தோணி தெரியவில்லை. கரம் அடிப்பவர்களின் முதுகுதான் தெரிந்தது. முறைப்பாடு சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் சிரித்தார்.

"இத்தனை பேர் குந்தியிருக்கிற இடத்தில எவன் வந்து என்ட எஞ்சினைக் கழட்டப் போறான், அண்ணன்? விளக்கு காணும்."

பக்கத்துத் தோணிக்காரர்கள் எல்லோரும் விளக்கு வாங்கினார்கள். கமரா ஒருவரும் வாங்கவில்லை. கமரா கையைப் பிடித்துக் கூட்டிவந்த விளக்கு, கமராவையே வெளியே அனுப்பிவிட்டது. ஹாஜியார் சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

எங்கள் ஊரில் கமரா போன வழி வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கமரா பஸ்மியாவின் வீட்டில் பூட்டியது. பக்கத்துத் தெருவில் யாரோ தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போன கிழமை அது. பஸ்மியாவின் புருஷன் றிபாஸ் கட்டாரில் இருந்து கடைக்குப் பேசி, முன் ஹோலில், வாசலோடு இருக்கும் பெரிய அறையில், ஒன்று பூட்டச் சொன்னார். மோட்டர் இருப்பது பின் வளவில். ஹோலில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

றிபாஸின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது மனைவியின் வீடு. சுற்றிவர அவளுடைய உம்மா, ராத்தாமார். அவர் ஊரில் இருக்கும்போதே அங்கே பாதி விருந்தாளி. கடல் கடந்து போன பிறகு அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒரு சேர்ட்டும் ஒரு சாரமும்தான். கமரா அவருக்குத் தன் பங்குக்கு ஒரு கதிரை போட்ட மாதிரி. அதுவரை சரி. ஆனால் அவர் அந்தக் கதிரையில் தன்னுடைய உம்மாவையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அவருடைய உம்மா ஹாஜரா உம்மா மூன்று தெரு தள்ளி, தன் இளைய மகளின் வீட்டில் இருப்பவர். அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. கமராப் படம் அதில் வராது. றிபாஸ் பெரிய போன் ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகள் வீட்டுக்குச் சும்மா போக மாட்டார். முன்கூட்டிச் சொல்லியனுப்பி, பலகாரத்தோடு போய், ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, "அப்ப வாறன் மகள்" என்று எழும்புவார். எத்தனையோ குடும்பம் அந்தத் தூரத்தால்தான் பிழைத்துக் கிடந்தது. இப்போது ஹாஜரா உம்மா தேத்தண்ணி இல்லாமலே நாள் முழுக்க அந்த ஹோலில் இருந்தார். வொயிஸ் அனுப்புவார்: "மகள், வாசக்கதவு தொறந்து கெடக்கு, ஆடு வருது." பிறகு: "மகள், உங்கட உம்மா ஒரு சட்டி கொண்டுபோறா, அதுல என்ன?"

ஒரு கலியாண வீட்டில் அந்தப் போன் வெற்றிலை வட்டா மாதிரிக் கைமாறியது. ஹாஜரா உம்மா மருமகளின் ஹோலை எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, இப்ப கூட்டுறா." அடுத்த கிழமை கடையில் ஓடர் குவிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு விசித்திரம். கேட்பவர் ஒரு வீடு, பூட்டுவது இன்னொரு வீடு. மாமியார்மார் மருமகள்மாரின் வீடுகளுக்குக் கமரா கேட்டார்கள். கமரா போன வீட்டில் யாரும் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கவில்லை. பார்ப்பவர் கையில் இருந்த போனைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. கமரா ஒன்று போனால் பெரிய போன் ஒன்று. கரண்ட் நிற்கும்போது படமும் நின்றுவிட்டதென்று எல்லா மாமியாரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போன் கோல் எடுத்ததால், ரவுட்டருக்கு வைக்கும் சின்னப் பற்றரிப் பெட்டி ஒன்று. மருமகள்மார் தாங்களாகப் போய் வாங்கியது திரைச்சீலை மட்டும்தான். அது எங்கள் கடையில் இல்லை. ஹாஜியார் திரைச்சீலையும் போடுவோமா என்று யோசித்தார்.

பஸ்மியாவின் உம்மா பரீதா உம்மா என்னைக் கண்ட இடத்தில் ஏசுவார். "என்ட புள்ளட ஊட்டுல கண்ணக் கொண்டுவந்து வெச்சிட்டீங்க. இது நல்லாரிக்கா தம்பி?" இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்து, "சாய்ந்தமருதுல என்ட மகன்ட ஊட்டுக்கு ஒண்டு பூட்டணும். மருமகள் எந்நேரமும் போன்லயாம்" என்பார். மூன்றாவது ஓடர் அவருடையதுதான்.

பிறகு றிபாஸ் எனக்கு நேரே கோல் எடுத்தார். எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் காக்கா.

"காக்கா, ஒவ்வொரு நாளும் பகல் லுஹருக்குப் பிறகு பின்னேரம் அசர் வரைக்கும் கமரா வேல செய்யுதில்ல. பற்றரியும் இரிக்கி. உம்மா சொல்றா, அவ வேணுமெண்டு நிப்பாட்டுறா எண்டு. நீங்க போய்ப் பார்த்து உண்மையச் சொல்லுங்க."

"சொல்லி?"

"அவதான் நிப்பாட்டுறா எண்டா, லீவு போட்டு வந்து பெரியாக்கள வெச்சிக் கதைச்சி முடிச்சிருவன்."

"முடிக்கிறது எண்டா, தம்பி?"

"முடிக்கிறதுதான்."

தலாக் என்று அவர் வாயால் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. ஒரு கமராவைப் பற்றி நான் சொல்லப்போகும் பதிலில் அது தொங்கியது. ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கரண்ட் குறைஞ்சி போகுது எண்டு சொல்லு. உள்ளுக்குப் பற்றரி வெச்ச கமரா புதுசா வந்திரிக்கி. அத நிப்பாட்டவும் ஏலாது. குடும்பமும் பிழைக்கும், சாமானும் போகும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே இரண்டும் நடக்கும் என்று நம்பினார்.

பஸ்மியாவின் வீட்டு கேற்றில் நின்று குரல் கொடுத்தேன். ஆம்பிளை இல்லாத வீடு. பரீதா உம்மா வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போனேன். ஏணியில் ஏறிக் கமராவைத் திறந்து பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. பஸ்மியா உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று கதைத்தாள்.

"தேட வேணாம் காக்கா. நான்தான் பிளக்கைக் கழட்டுறன்."

பரீதா உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடு புள்ள. காக்கா, லைன்ல பிழை எண்டு சொல்லிருங்க."

"பொய் சொல்லவேணாம்" என்றாள் பஸ்மியா. "பொய் சொன்னா நாளைக்கு வேற பெட்டி கொண்டுவந்து பூட்டுவீங்க."

ஹாஜியார் சொன்ன புதுக் கமரா என் பையில்தான் இருந்தது.

"என்னத்துக்கு மகள் கழட்டுற?" என்று கேட்டேன்.

"ஹோல்லதான் காத்து வாற. சமைச்சி முடிச்சி, புள்ளைகளுக்குக் குடுத்திட்டு, சீமெந்தில கொஞ்சம் சாயுற. தலையில துணி போடாம சாயுற. என்ட உம்மா வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு இது."

"மாமியும் பொம்பிளதானே" என்றேன். ஏன் சொன்னேனோ.

"மாமி பாக்கட்டும். மாமிக்கு அந்தப் போனைத் திறக்கத் தெரியுமா? அவட சின்ன மகன் திறந்து குடுக்கிறான். அவன்ட கையிலதான் போன் பாதி நேரம். அவன் எனக்கு மச்சான். அவனுக்கு முன்னால நான் தலைவிரிச்சுப் படுக்க ஏலுமா? இவருக்கு இத எப்பிடிச் சொல்ற? சொன்னா தம்பியில பழி போடுறன் எண்டு வரும்."

நான் கீழே இறங்கிப் பையை மூடினேன். றிபாஸுக்கு அன்று கோல் எடுக்கவில்லை. அவர் எடுத்தபோது, இன்னும் பார்க்க இருக்கிறது என்று சொன்னேன். இது சாமர்த்தியம் அல்ல. எனக்கு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

இடையில் கடைக்கு மருதமுனையில் இருந்து ஒரு ஓடர் வந்தது. ஒரு மாமியார் தன் மருமகளின் வீட்டுக்குக் கமரா கேட்டிருந்தார். மகன் சவூதியில். விலாசத்தைப் பார்த்ததும் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். மருமகள் ஹாஜரா உம்மாவின் இளைய மகள். அதாவது ஹாஜரா உம்மா இருக்கும் வீடு.

நான் போனபோது அவர் ஹோலில் பாய் போட்டு, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தார். மறு கையில் போன். பஸ்மியாவின் ஹோல் அதில் தெரியவில்லை, லுஹர் முடிந்திருந்தது. இருண்ட திரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

"வாங்க தம்பி. அங்க போனீங்களாம். கள்ளம் புடிபட்டிச்சா?"

"இது வேற வேல, உம்மா. இங்க ஒண்டு பூட்டணும்."

"இங்கயா? நாங்க ஒண்டும் கேக்கல்லயே."

"மருதமுனையில இருந்து கேட்டிரிக்காங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். "மாமிதான் பூட்டச் சொன்னா, உம்மா. நாம வாணாம் எண்டா, என்னத்த மறைக்கிற எண்டு வரும்" என்றாள்.

"அவவுக்கு என்ட ஹோல்ல என்ன வேல?"

இந்தக் கேள்விக்கு அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் பதில் தெரியும். நான் துளை போட்டேன். அந்தச் சத்தம் உதவியாக இருந்தது. கமராவில் நீல வெளிச்சம் வந்ததும் ஹாஜரா உம்மா எழும்பி உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டார். பாயின் ஓரத்துக்கு நகர்ந்தார். கமரா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது; புது மாதிரி, ஆள் அசைந்தால் தானாகத் திரும்பும்.

"இது எப்ப நித்திரை கொள்ளும்?"

"கொள்ளாது, உம்மா."

"அவ மட்டும்தானா பாக்குற?"

"அவட போன் யார்ட கையில இரிக்கோ, அவங்களும்."

முக்காடு இன்னும் கொஞ்சம் கீழே வந்தது. அவர் என்னைக் கிட்ட வரும்படி கையசைத்து, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"இத எப்பிடி நிப்பாட்டுற, மகன்?"

பிளக்கைக் காட்டியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏணியின் மேல் இல்லாதபோதும் அன்றைக்கு எனக்கு வாய் திறந்தது.

"எனக்குப் பூட்டத்தான் தெரியும், உம்மா. நிப்பாட்டுறது உங்கட மருமகளுக்குத் தெரியும். அவங்கட்டக் கேளுங்க."

ஏசுவார் என்று நினைத்தேன். "தேத்தண்ணி போடு புள்ள" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

கேற்றடிக்கு வந்ததும் றிபாஸின் கோல். இனித் தள்ள முடியாது. மதில் நிழலில் நின்று சொன்னேன்.

"ஓம் தம்பி. அவதான் நிப்பாட்டுறா."

"நான் சொன்னன்தானே."

"நீங்க யார் நிப்பாட்டுற எண்டு கேட்டீங்க. யார் பாக்குற எண்டு கேக்கல்ல. உங்கட உம்மாட போனைத் திறக்கிறது உங்கட தம்பி. பாதி நேரம் அவர்ட கையிலதான். உங்கட மனிசி தலையில துணியில்லாம சாயுற நேரத்திலதான் கழட்டுறா. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் லொறிச் சத்தத்தைத் தாண்டி அவர் குரலை உயர்த்தினார்.

"தம்பி அப்பிடிப்பட்டவன் இல்ல, காக்கா."

"இல்லதான். மருதமுனையில, உங்கட மச்சான்ட உம்மாட ஊட்டிலயும் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்ல."

"அவங்க ஏன் இதுல?"

"இப்ப உங்கட உம்மாட ஹோல்லயும் ஒண்டு பூட்டிட்டு வாறன். மருதமுனை மாமிட ஓடர்."

"என்ட உம்மாவ அவங்க பாக்குறதா?"

"அங்க போன் யார்ட கையில எண்டு எனக்குத் தெரியா, தம்பி."

அவர் வேலைத்தளத்தில் கூப்பிடுகிறார்கள் என்று கோலை வைத்துவிட்டார். நான் செய்தது சரியா என்று தெரியாமல் மோட்டர்சைக்கிளில் ஏறினேன். ஹாஜியாரிடம் புதுக் கமராவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபடி, "உனக்கு விக்கத் தெரியாது" என்றார். அது உண்மை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பொருள் எந்த வீட்டில் இருந்து எந்த வீட்டுக்குப் போகிறது, அதோடு கூட என்ன போகிறது என்று கம்பனிக்காரர்கள் படம் வரைந்து காட்டுவார்கள். அந்தப் படத்தில் கோடுகள் இருக்கும். கோட்டின் நுனியில் சீமெந்துத் தரையில் சாய ஒரு இடம் தேடுகிற பெண் இருக்க மாட்டாள். நீங்கள் ஏணியோடு போவதால் அவளைக் காண்பீர்கள். பழுது பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் அது பழுதா என்று பாருங்கள். பழுது இல்லையென்றால் பையைத் திறக்காதீர்கள்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு இரண்டு வீட்டுக் கமராவும் நின்றன. மருதமுனையில் இருந்து கடைக்கு ஒரு முறைப்பாடு வந்தது. கட்டாரில் இருந்து வரவில்லை.